விடைக்குப் பிறகு ஒரு வரி சொல்லுங்கள்

வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்களுக்கும், பொது அறிவு நூல்களைத் தொகுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளி நாளில் ஒரு போட்டி மேடையில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "எந்தக் கோளில் ஒரு நாள் ஓர் ஆண்டைவிட நீளமானது?" வெள்ளி என்றேன். சரி என்று மதிப்பெண் தந்துவிட்டு அடுத்த அணியிடம் போய்விட்டார்கள். ஒரு நாள் எப்படி ஆண்டைவிட நீளும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. மனப்பாடம் செய்த விடைக்குக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் தேடிப் படித்தேன். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள ஏறத்தாழ 243 புவி நாள்கள் ஆகின்றன. சூரியனைச் சுற்றிவர 225 நாள்கள். ஆக, ஒரு சுழற்சியை ஒரு நாள் என்று கொண்டால் விடை சரிதான். ஆனால் அந்தக் கோள் புவிக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையில் சுமார் 117 நாள்கள்தான். 'ஆண்டைவிட நீளமான நாள்' என்று நாம் ஒப்பிக்கும் அதே கோளில், ஓர் ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய இரண்டு விடியல்கள் வந்துவிடுகின்றன! அதுவும் சூரியன் மேற்கில் உதிக்கிறது. அன்றிரவு ஒரு பந்தையும் மேசை விளக்கையும் வைத்துக்கொண்டு, புரியும்வரை சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மேடையில் கிடைக்காத மகிழ்ச்சி அப்போதுதான் கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒரு புதிய செய்தி, அதன் கீழே 'ஏன்' என்று ஒரு வரி. உங்களிடம் நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான்.

எண்காலிக்கு, அதாவது கடலில் வாழும் ஆக்டோபசுக்கு, எத்தனை இதயங்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று. அவற்றில் இரண்டு, இரத்தத்தைச் செவுள்களுக்கு அனுப்புகின்றன. மூன்றாவது உடலின் மற்ற பகுதிகளுக்கு. எண்காலி நீந்தும்போது இந்த மூன்றாவது இதயம் துடிப்பதை நிறுத்திவிடுகிறது. நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போவதால் அது பெரும்பாலும் தரையில் ஊர்ந்தே போகிறது. மூன்று என்ற எண் ஒருவருக்கு மறந்துபோகலாம். நீந்தும்போது நின்றுவிடும் இதயத்தைக் கேள்விப்பட்டவர் அதை எப்படி மறப்பார்?

ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று அதிகம். இதைச் சொன்னால் யாரும் எளிதில் நம்புவதில்லை. 23 பேரை இருவர் இருவராக ஒப்பிட்டால் 253 இணைகள் உண்டு என்று சேர்த்துச் சொன்னால், கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

கேள்விக்கும் விடைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளியும் விடுங்கள். 2014-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 'நியூரான்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதில் பயன்படுத்தியதும் உங்கள் சரக்கைத்தான், பொது அறிவுக் கேள்விகளை. கேள்வி கேட்டுவிட்டு, விடையைச் சில நொடிகள் தள்ளிவைத்தார்கள். அந்த இடைவெளியில் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைக் காட்டினார்கள். விடை தெரிய வேண்டுமே என்ற ஆவல் மிகுந்திருந்தபோது, விடை நன்றாக நினைவில் நின்றது. அந்தக் கேள்வியோடு தொடர்பே இல்லாத முகமும் கூடுதலாக நினைவில் நின்றது. மணி அடித்து ஐந்து நொடியில் விடையைப் பிடுங்குகிறோமே, எதையெல்லாம் இழக்கிறோம் என்று எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதை இன்னும் அச்சிடாதீர்கள். 2003-இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், புவியைச் சுற்றிவந்தபோதே அது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். நீளம் எவ்வளவு இருந்தால் என்ன, சுவரின் அகலம் சில மீட்டர்தான். நிறமும் சுற்றியுள்ள நிலத்தோடு கலந்துவிடுகிறது. நிலவோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாம் மூளையில் 10 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பதும், தங்க மீனுக்கு நினைவு மூன்று நொடிதான் என்பதும் இப்படிப்பட்டவையே. ஒரு குழந்தை உங்களை நம்பித்தான் அதைப் போய் இன்னொரு குழந்தையிடம் சொல்கிறது. தவறு என்று தெரிந்தால் அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், முன்பு தவறாகச் சொன்னோம், சரியானது இது என்று அச்சிடுங்கள். என் குறிப்பேட்டில் நான் மிக விரும்பிப் படிக்கும் பக்கங்கள், அடித்துத் திருத்திய பக்கங்கள்தான்.

வெள்ளிக் கோளைப் பற்றிய அந்தக் கேள்வியை நீங்கள் மறுபடியும் கேட்பீர்கள் என்று தெரியும். நல்ல கேள்வி, கேளுங்கள். விடை சொன்ன பிள்ளை மேடையை விட்டு இறங்குவதற்குள், அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அரை நிமிடம் போதும்.

அன்புடன்,
முன்னாள் போட்டியாளன் ஒருவன்