நிமோனியாவுக்கு முன்னால் ஒரு பி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மருத்துவக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யும் வேலையில் சேர்ந்துவிட்டாயாமே, சந்தோஷம். ஓய்வுபெற்றாலும் நீ சும்மா உட்காரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலி இப்போது தேவலையா? எனக்குக் கண்புரை அறுவை முடிந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அந்த உற்சாகத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் நிமோனியா என்று எழுதும்போது முன்னால் எதற்கு உச்சரிக்காத ஒரு பி என்று திட்டியிருந்தாய். கிரேக்கர்கள் அதை நிஜமாகவே உச்சரித்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் 'ப்ன' வராது, அதனால் ஒலி போய் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. அதே கூட்டு சொல்லின் நடுவில் வந்தால் பேச ஆரம்பித்துவிடும். தூக்கத்தில் மூச்சு நிற்பதை ஆப்னியா என்கிறார்களே, அதில் பி கேட்கிறது அல்லவா? மறதி நோயான அம்னீசியாவில் எம் கேட்கும், நினைவில் வைக்க உதவும் குறிப்பான நெமானிக்கில் அதே எம் ஊமை. ஹெலிகாப்டரில் 'ப்டர்' என்பது சிறகு. பறக்கும் பழங்கால ஊர்வனவான டெரோடாக்டிலின் முன்னால் வாய் திறக்காமல் நிற்கும் பி அதே சிறகின் பிதான்! எனவே ஊமை எழுத்தைக் கண்டால் அது பேசுகிற இன்னொரு சொல்லைத் தேடிப் பிடி. உருப்போடுவதைவிட இது நன்றாக நிற்கும்.

அப்புறம், எஃப் ஒலிக்கு பி, எச் என்று எழுதுகிறோமே, அந்த எச். பழைய கிரேக்கத்தில் ஃபை என்ற எழுத்துக்கு எஃப் ஒலி அல்ல, மூச்சோடு வரும் 'ப'. ரோமானியர் அதை பி, எச் என்று எழுதினார்கள். பின்னால் ஒலி எஃப் ஆகிவிட்டது, எழுத்து மாறவில்லை. இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் பேசாமல் எஃப் போட்டுக்கொண்டார்கள், சமர்த்தர்கள். 'க'வோடு மூச்சு சேர்ந்தது சி, எச் ஆனது: கெமிஸ்ட்ரி, ஸ்டமக்.

உனக்கு அடிக்கடி தப்புவது டிப்தீரியாவும், கண் மருத்துவத்தைக் குறிக்கும் ஆப்தால்மாலஜியும் என்கிறாய். இரண்டிலும் பி, எச், டி, எச் என்று வரிசையாக வரும். 'டிப்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு முதல் எச் விழுந்துவிடும். எழுதும்போது மட்டும் மனதுக்குள் 'டிஃப்', 'ஆஃப்' என்று சொல்லிக்கொள், போதும்.

டயரியாவுக்கு ஏன் இரண்டு ஆர்? டயா என்றால் ஊடே, மீதிப் பாதி ஓட்டம். ஆர், எச் என்று தொடங்கும் கிரேக்கச் சொல்லின் முன் உயிரொலியில் முடியும் துண்டு ஒட்டினால் ஆர் இரட்டிக்கும், நம் ஒற்று மிகுவது போல. ரிதத்துக்கு ஒரு ஆர், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் அரித்மியாவுக்கு இரண்டு. ரத்தப்போக்கான ஹெமரேஜிலும் இதே கதைதான். டயரியாவின் முடிவில் ஓ, ஈ, ஏ என்று எழுதுவது பிரிட்டிஷ் வழக்கம், அமெரிக்கர்கள் அந்த ஓவை விட்டுவிடுவார்கள். உன் அலுவலகத்தில் எது என்று கேட்டுக்கொள்.

அதற்காக எல்லாமே கிரேக்கம் என்று நம்பிவிடாதே. டார்மிகன் என்றொரு பறவை. பெயர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலிருந்து வந்தது. கிரேக்கம் என்று நினைத்து யாரோ முன்னால் ஒரு பி ஒட்டினார்கள், இன்றுவரை உரிக்க ஆளில்லை.

சரி, தங்கைக்கு வரன் பார்த்தது என்ன ஆயிற்று? அதை எழுதவே இல்லையே நீ.

அன்புடன்,
ராமு