கோல்ஃப் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஓல்டு கோர்ஸ் பற்றிய நம் ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

பொதுக்குழு முடிவுப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் எல்லாம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள பழம்பெரும் கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸ் பற்றியே நடந்தன. பேசியவற்றின் சாரத்தை இங்கே வைக்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். பலர் நினைப்பதுபோல அந்த மைதானம் அவ்வூரின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் என்ற கோல்ஃப் கிளப்புக்குச் சொந்தமானதல்ல. நம்மூர் மந்தைவெளி மாதிரி ஊர்ப் பொதுநிலம். 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்க்க அனுமதி பெற்றபோதே, ஊரார் ஆடும் உரிமையும் எழுத்தில் ஏறிவிட்டது. கிளப்பின் தாய்ச் சங்கம் தொடங்கியது 1754-இல்தான். 1797-இல் கடன்பட்ட நகர மன்றம் நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்ப்போர் கைக்குப் போய் வழக்கு மேல் வழக்காயிற்று. 1821-இல் உள்ளூர் நிலக்கிழார் ஜேம்ஸ் சீப் வாங்கி மீட்டார். 1894-இல் மன்றமே திரும்ப வாங்கியது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. வழக்கமான ஞாயிறுகளில் ஆட்டம் கிடையாது; ஊர் மக்கள் நாயோடு நடக்கிறார்கள். முதல் குழியையும் பதினெட்டாம் குழியையும் குறுக்கே வெட்டி ஒரு பொதுச் சாலை போகிறது. ஆள் கடக்கும்வரை ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும்.

18 குழி என்ற கணக்கும் இங்கிருந்து வந்ததே. முன்பு ஒரு சுற்று 22 குழி. 1764-இல் முதல் நான்கைச் சேர்த்து இரண்டாக்கினார்கள். போகும்போதும் திரும்பும்போதும் அதே குழிகள் என்பதால் நான்கு குறைந்தது. கூட்டம் பெருகியபின் கிரீன்களை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளை) அகலமாக்கி, ஒரே கிரீனில் இரண்டு குழி வைத்தார்கள். இன்று அப்படி ஏழு கிரீன்கள். 2-ம் 16-ம், 3-ம் 15-ம் என எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18. போகும் குழிக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் குழிக்குச் சிவப்பு. புதியவர்கள் தவறான கொடிக்கு அடித்துவிட்டு மிக நீண்ட ‘பட்’ (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) ஆடுவது இதனால்தான்.

கூட்டங்களில் அதிக நேரம் எடுத்தது பங்கர், அதாவது தடையாக வைத்த மணற்பள்ளத்தின் சுவர். மொத்தம் 112 பங்கர்கள். சுவருக்கு, மண்ணோடு வெட்டிய புல்கட்டிகளைச் செங்கல் போல இணைப்பு மாற்றி அடுக்க வேண்டும். அடித்தளம் இறுகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்றே பின்வாங்க வேண்டும். வரிக்கு வரி பின்புறம் மண் கொட்டி இடிக்க வேண்டும். இடிப்பதில் சோம்பினால் மழைக்குப் பின் சுவர் வயிறு தள்ளும். அங்கே தெற்கு நோக்கிய சுவர்தான் முதலில் போகும்: வெயிலில் கட்டி காய்ந்து சுருங்கி, வெடிப்பில் மணல் உதிரும். மீதியை முயலும், சுவர் ஏறி வெளியேறும் ஆட்டக்காரரும் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டக்காரர் பங்கரின் தாழ்ந்த பக்கமாக இறங்கி அவ்வழியே திரும்ப வேண்டும்.

புல் விஷயத்தில் நம் உறுப்பினர்கள் சிலருக்கு உடன்பாடில்லை, ஆனாலும் பதிகிறேன். கடலோர மணலில் ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் பட்டினியில்தான் நன்றாக வாழும். உரமும் தண்ணீரும் கூடினால் ‘போவா’ புல் புகுந்து தரை மெத்தென்றாகும். பிறகு காற்றுக்கு அடியில் பந்தைத் தாழ்வாக அடித்து உருட்டும் ஆட்டமே போய்விடும். பச்சைப்பசேல் என்றிருப்பதே பராமரிப்பு என்ற எண்ணம் அங்கே செல்லாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். அடுத்த ஆண்டுக்கு ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தை எடுக்கலாம் என்பது குழுவின் பரிந்துரை: 1860-இல் முதல் ஓப்பன் சாம்பியன்ஷிப் போட்டி நடந்த இடம், 12 குழி, ஒரே நாளில் மூன்று சுற்று, எட்டே ஆட்டக்காரர்கள். ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்