‘1, 2, 3’ என்று எழுதலாம் என்பதை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்

மதிப்புக்குரிய தேர்தல் ஆணைக்குழுவின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடக்கில் ஒரு பாடசாலையில் குடியியல் படிப்பிக்கும் ஆசிரியை நான். போன கிழமை வகுப்பில் வாக்களிப்புப் பாடம். கொப்பித் தாளைக் கிழித்து ஐந்து பெயர்கள் போட்ட வாக்குச்சீட்டுகள் செய்தேன். வகுப்புத் தலைவரை ஜனாதிபதித் தேர்தல் முறையிலேயே தெரிவு செய்யுங்கள் என்றேன். விருப்ப ஒழுங்கில் 1, 2, 3 என்று இலக்கம் இடலாம் என்று கரும்பலகையில் எழுதியும் காட்டினேன். பிறகு சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால், ஐந்தாறைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரே ஒரு புள்ளடி (X).

முன்வாங்கில் இருந்தவளை ஏன் என்று கேட்டேன். “இரண்டாவது போட்டால் சீட்டு பழுதாப் போயிடும் ரீச்சர். அப்பா சொன்னவர்” என்றாள்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. இந்த மடலை அன்று இரவே எழுதத் தொடங்கினேன்.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தல் அன்று காலையில் அம்மாவை வாக்களிப்பு நிலையத்துக்குக் கூட்டிப் போனது நான்தான். வெல்ல மாட்டார் என்று தெரிந்தே ஒருவருக்குப் போடப் போவதாக வழியில் சொன்னார். அதில் எனக்கு மறுப்பில்லை, மனதுக்குப் பிடித்தவருக்குப் போடத்தானே வாக்கு. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்படப் போகின்றன என்று செய்தி வந்தது. அடுப்படியில் நின்ற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“அப்ப என்ர சீட்டு இப்ப எங்க பிள்ளை?”

“உங்கட ஆள் முதல் இரண்டு பேருக்குள்ள இல்லை அம்மா. சீட்டை எடுத்து, இரண்டாவதா ஆரைப் போட்டிருக்கிறியள் எண்டு பார்ப்பினம்.”

“நான் ஒண்டும் போடேல்லையே.”

“அப்ப ஒரு பக்கத்தில வைச்சிருப்பினம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: “எனக்கு இரண்டாவதா ஒருத்தர் மனசில இருந்தவர். ஒண்டுக்கு மேல எழுதினால் பழுதாகும் எண்டு வீட்டுக்கு வந்த பிரசாரக்காரப் பொடியன் சொன்னவன்.” அந்தப் பையன் எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. அவன் கொண்டுவந்த துண்டுப் பிரசுரத்திலும் ஒரு சின்னமும் ஒரு புள்ளடியும்தான் இருந்தன.

அம்மா அறுபது வருடத்துக்கு மேல் எழுத்துக் கூட்டி வாசித்து வந்தவர். எண்ணத் தெரியாதவர் இல்லை. ஒன்றுக்குப் பிறகு இரண்டு என்று எழுத உரிமை இருக்கிறது என்பதை நம்பத் தகுந்த ஒருவர் நேரே வந்து அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை இங்கே எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. 38 பேர் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு முதல் எண்ணிக்கையில் 5,634,915 வாக்குகள், சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. இவர்கள் இருவரையும் தவிர மற்றவர்களுக்கு விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேல். அந்த 33 இலட்சம் சீட்டுகளிலிருந்து, அடுத்த விருப்பாக அநுரவுக்குப் போனவை 105,264, சஜித்துக்குப் போனவை 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 30 இலட்சம் சீட்டுகள் கடைசித் தீர்மானத்தில் பங்கெடுக்கவில்லை. கடைசியில் இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 12 இலட்சத்துச் சொச்சம்.

யார் வென்றார் என்பதில் எனக்கு வழக்கில்லை. வேறு முடிவு வந்திருக்கும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இருவரையும் வேண்டாமென்று தெரிந்தே வெறுமையாக விட்டவர்களும் இருப்பார்கள், அது அவர்கள் உரிமை. இரண்டாவதையும் மூன்றாவதையும் வேறு சிறிய வேட்பாளர்களுக்கே போட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் என் அம்மாவைப் போல, மனதில் ஒரு பெயர் இருந்தும் பயத்தில் எழுதாமல் வந்தவர்கள் எத்தனை பேர்? ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் கடைசிப் படியில் அவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். இதை நான் சின்ன விஷயமாக எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்கக் கூடாது.

இந்த உரிமை நேற்று வந்ததும் இல்லை. அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரையில் 1978இலிருந்தே இருக்கிறது. முதல் ஜனாதிபதித் தேர்தல் 1982இல். ஜே.ஆர். ஜயவர்தனவையும் ஹெக்டர் கொப்பேகடுவவையும் தவிர ரோகண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார என்று நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவரை விரும்பியவர் அவருக்கே 1 போட்டுவிட்டு, பெரிய இருவரில் பரவாயில்லை என்று தோன்றியவருக்கு 2 போட்டிருக்கலாம். அன்றைக்கே அது பழக்கமாகியிருந்தால் இந்த நாட்டின் அரசியல் வேறு மாதிரி வளர்ந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடந்தது என்ன? எட்டுத் தேர்தல்கள் முதல் எண்ணிக்கையோடு முடிந்தன. 2005இல் மகிந்த ராஜபக்ஷ பாதியைத் தாண்டியது வெறும் 28,632 வாக்குகளால். அந்த 42 வருடங்களும் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே பேச்சு: “வெல்லாதவனுக்குப் போட்டு வாக்கை வீணாக்காதே.” ஐக்கிய தேசியக் கட்சி, இல்லாவிட்டால் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி, பிறகு அவற்றிலிருந்து பிரிந்து வந்தவை. ஒருவர் மேல் இருக்கும் கோபத்தில் மற்றவருக்குப் போடுவது, ஐந்து ஆறு வருடம் கழித்து அதையே திருப்பிச் செய்வது. வாக்கு வீணாகாமல் இருக்க வழி அந்தச் சீட்டிலேயே இருந்தது. அது தெரிந்தவர்கள் மேடையில் சொல்லவில்லை. இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

கடைசியில் அந்த இரு கட்சி ஆட்டம் உடைந்தது வாக்குச்சீட்டால் இல்லை. 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் மருந்தும் இல்லாமல் நாடு விழுந்த பிறகுதான் உடைந்தது. 2019இல் நூற்றுக்கு 3.16 எடுத்த அநுர 2024இல் 42.31 எடுக்க, சனம் நாள்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது தரப்பு ஒன்று வளர ஒரு நாடு வங்குரோத்து ஆகித்தான் தீர வேண்டுமா?

அயர்லாந்தைப் பாருங்கள். 1990 ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் போட்டி. மூவரில் முதல் இருவரை வைத்து மூன்றாமவரின் சீட்டுகளைப் பங்கிடுவதால், நடந்த விதம் எங்கள் முறையைப் போலத்தான். பெரிய கட்சியான ஃபியனா ஃபோலின் பிரையன் லெனிஹான் முதல் எண்ணிக்கையில் 44 வீதம் எடுத்து முன்னுக்கு நின்றார். மேரி ராபின்சனுக்கு 39 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாவதாக வந்தவரின் சீட்டுகளைத் திறந்தபோது நான்கில் மூன்றுக்கும் மேல் ராபின்சனுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அங்கே மூன்றாமவரின் ஆட்கள் 2 எழுதத் தெரிந்தவர்கள், அதனால் அவர்கள் வாக்கு கடைசிவரை நடந்து போனது. எங்களிடம் நூற்றுக்கு எட்டு.

எங்களைப் போல எண்ணிக்கையில் குறைந்த சமூகங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளர் பாக்கியச்செல்வம் அரியநேத்திரனுக்கு 226,343 பேர் வாக்களித்தார்கள். அவர்களுடைய 2 யாருக்கு என்பது திறந்திருக்கிறது, எழுதுவார்கள் என்பதும் நிச்சயம் என்றால், பெரிய வேட்பாளர்கள் வந்து அதைக் கேட்டே ஆக வேண்டும். காணி, மொழி, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி அவர்கள் எங்கள் வாசலில் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டி வரும். மலையகத்துக்கும் முஸ்லிம் மக்களுக்கும், தெற்கின் சின்ன இடதுசாரிக் கட்சிகளுக்கும் இதே கதைதான். எழுதாத 2ஐ யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

முறையில் குறை இருப்பதும் எனக்குத் தெரியும். முதல் இருவரைத் தவிர எல்லோரையும் ஒரே அடியில் வெளியே அனுப்புவதால், எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்த ஒருவர் மேலே ஏற முடியாது. அவுஸ்திரேலியாவில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு வருவார்கள், அது இன்னும் நியாயமானது. ஆனால் அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், உங்கள் கையில் இல்லாததை நான் கேட்கவில்லை. உங்கள் கையில் இருப்பதைக் கேட்கிறேன்: 1, 2, 3 என்று எழுதலாம், எழுதினால் சீட்டு பழுதாகாது என்று ஒவ்வொரு வாக்காளருக்கும் சொல்லுங்கள்.

சொன்னோமே என்பீர்கள். அறிவித்தல்கள் வந்தன, மறுக்கவில்லை. தேர்தலுக்கு முந்திய கிழமைகளில், கட்சிக்காரர் ஒலிபெருக்கி கட்டி ‘புள்ளடி, புள்ளடி’ என்று கத்தும்போது வந்தன. அதோடு சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பாராளுமன்றத் தேர்தலிலும் விருப்பு வாக்கு, ஜனாதிபதித் தேர்தலிலும் விருப்பு வாக்கு. அங்கே கட்சிக்குப் புள்ளடி இட்டு, அதன் பட்டியலில் மூன்று பேர் வரை தெரிவு செய்கிறோம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி. இங்கே முதலாவது போன பிறகுதான் இரண்டாவது பார்க்கப்படும். ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தால் சனம் குழம்பாமல் என்ன செய்யும்? ‘முதல் தெரிவு, அடுத்த தெரிவு’ என்று சொன்னால் என் மாணவிக்கும் விளங்கும், அவள் அப்பாவுக்கும் விளங்கும். சிங்களத்தில் யோசித்து எழுதியதைத் தமிழில் வரிக்கு வரி மாற்றி ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் பழக்கம் இந்த நாட்டின் அரச காரியங்களில் எத்தனை இடத்தில் இருக்கிறது! படிவம், பெயர்ப்பலகை, மருந்துச் சீட்டு... வாசித்து வாசித்து எங்களுக்குக் கோபம்கூட மரத்துப் போய்விட்டது.

மன்னிக்க வேண்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. சீட்டு பழுதாகும் என்ற பேச்சு எங்கும் இருக்கும்போது ஒரு வயதானவர் கூடுதலாக ஒரு கோடு போடவும் தயங்குவார்தான். அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து அடுத்த ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்படும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். 1, 2, 3 எழுதிக் காட்டிய மாதிரி வாக்குச்சீட்டைக் கிராம அலுவலர் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இப்போதே ஒட்டுங்கள். வாக்களிப்பு நாளில் சீட்டைக் கையில் தரும் அலுவலர் எல்லோருக்கும் ஒரே வசனத்தை, அவரவர் மொழியில், சொல்லட்டும்: ‘ஒருவருக்கு மட்டும் இட்டாலும் சரி, விரும்பினால் 1, 2, 3 என்று எழுதலாம்.’ யாருக்கு என்று சொல்லாதவரை அதில் எந்தப் பக்கச் சார்பும் இல்லை.

மாதிரி வாக்குச்சீட்டு ஒரு கட்டு எங்கள் பாடசாலைக்கும் அனுப்பி வைத்தால் மிகவும் உதவியாக இருக்கும். அதே வகுப்பில் அந்தத் தேர்தலைத் திரும்பவும் வைப்பேன். இந்த முறை பெற்றோரையும் கூப்பிடுவதாக இருக்கிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி.

இப்படிக்கு,
குடியியல் ஆசிரியை ஒருவர்
வட மாகாணம்