எஞ்சின் பிரிக்க ஸ்பேனர் போதும், சேர்க்க மைக்ரோமீட்டர் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

உங்க வாகனப் பக்கத்துல பழைய மாருதி எஸ்டீம் கார் எஞ்சினை வீட்டு ஷெட்லயே இறக்கி, பிரிச்சு, கொஞ்சம் பவர் ஏத்தி திரும்ப மாட்டுறது பத்தி போட்டிருந்தீங்க, படிச்சதும் சந்தோஷம்தான். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டின ஊர்ல இருந்துகிட்டு இதை வரவேற்கலன்னா எப்படி. ஆனா கட்டுரை பூரா செயின் பிளாக், ஸ்பேனர் செட், கேஸ்கெட் கிட், ரெண்டு நாள் லீவுன்னு போகுது, அளக்குறது பத்தி ஒரே ஒரு வரி, அதுவும் "வெர்னியர் வச்சு தேய்மானம் பாருங்க"ன்னு. அங்கதான் எனக்கு பொறுக்கல.

அந்த 1.3 லிட்டர் எஞ்சின் நல்ல எஞ்சின்ங்க, ஜிப்ஸியிலயும் அதேதான் வந்ததால பார்ட்ஸ் இன்னும் தேடினா கிடைக்குது, எல்ஜிபி ஃபார்முலா 4 ரேஸ் காருங்க கூட அதை வச்சுதான் ஓடுச்சு. போர் (சிலிண்டரோட உள்விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 75.5 மி.மீ., மொத்தம் 1298 சிசி. அதுல பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விடுற இடைவெளி 0.02-ல இருந்து 0.04 மி.மீ., அதாவது தலைமுடியோட தடிமன்ல பாதி. கடையில வாங்குற சாதாரண வெர்னியரோட மிகச்சின்ன கோடே 0.02 மி.மீ. தாங்க, அதை வச்சு அந்த இடைவெளியை எப்படி பாக்குறது? பிஸ்டனுக்கு மைக்ரோமீட்டர், சிலிண்டருக்கு டயல் போர் கேஜ், இது ரெண்டும் வேணும். சொந்தமா வாங்க முடியலன்னா வச்சிருக்குற லேத் கடைக்கு எடுத்துட்டு போய் கூட நின்னு அளந்து எழுதிக்கலாம், கோவையில அதுக்கா பஞ்சம்.

இன்னொன்னு, பிஸ்டன் முழு வட்டமும் கிடையாது, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவும் கிடையாது. பிஸ்டன் பின்னுக்கு குறுக்கால, ஸ்கர்ட்ல (பிஸ்டனோட கீழ்ப்பக்கச் சுவர்ல), மேனுவல்ல சொல்லிருக்குற உயரத்துல வச்சுதான் அளக்கணும், வேற எங்க அளந்தாலும் வர்ற நம்பர் வேஸ்ட். சூட்டையும் கவனிக்கணும்ங்க, அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி சூடு ஏறினா அந்த 74 மி.மீ.ல கிட்டத்தட்ட 0.017 மி.மீ. பெருத்துரும், தகர ஷெட்ல மத்தியான வெயில்ல கிடந்த பிஸ்டனையும் நிழல்ல இருந்த பிளாக்கையும் அளந்து கழிச்சா வர்ற கணக்கு கணக்கே இல்ல. ராத்திரி பூரா ரெண்டையும் ஒரே இடத்துல வச்சுட்டு காலையில அளக்கணும்.

போர் தேஞ்சிருந்தா சிலிண்டரைப் பெருசாக்கி ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு போகணும், 0.25 இல்லன்னா 0.50 மி.மீ. கூட. இதுல நிறைய பேர் முதல்ல போரிங் போட்டு சிலிண்டரைக் கடைஞ்சுட்டு அப்புறம் பிஸ்டன் தேடுறாங்க, தலைகீழ் வேலை. பிஸ்டன் நாலையும் வாங்கி போரிங் கடைக்காரர் கையில கொடுத்து எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்குன்னு நம்பர் போட்டு, அதது அளவுக்கு வெட்டச் சொல்லணும். ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின) பிஸ்டன் போடுறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், அது சூட்டுல அதிகமா விரியும், கம்பெனி பிஸ்டனுக்கு விடுற இடைவெளியை விட்டா கடிச்சுரும், பிஸ்டன் பாக்கெட்ல என்ன போட்டிருக்கோ அதான் அளவு.

ரிங் கேப்பும், அதாவது பிஸ்டன் ரிங்கோட ரெண்டு நுனிக்கும் நடுவுல விடுற இடைவெளியும், அப்படித்தான். சும்மா ஓட்டுற காருக்கு போர் ஒரு இஞ்சுக்கு நாலு தௌ (ஒரு தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு)ன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, 74 மி.மீ.க்கு சுமார் 0.30 வரும். டர்போ மாட்டப் போறேன்னு சொல்றவங்க அதே கேப் விட்டா ரிங் சூட்டுல விரிஞ்சு நுனியும் நுனியும் முட்டி பிஸ்டனையே உடைச்சுரும், அதுக்கு 0.45 கிட்ட போகணும். உங்க கட்டுரையில "ரிங்கை அப்படியே மாட்டலாம்"னு இருக்கு, இல்லங்க, ஒவ்வொரு ரிங்கையும் அதோட சிலிண்டர்ல விட்டு, பிஸ்டனால தள்ளி நேரா உக்கார வச்சு, ஃபீலர் கேஜ் போட்டு பாக்கணும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது, கழுவுறது. நம்ம ஊர்ல போரிங், ஹோனிங் முடிஞ்சு வர்ற பிளாக்கை மண்ணெண்ணெய்லயோ பெட்ரோல்லயோ கழுவி காத்தடிச்சு மாட்டிடுறாங்க. ஹோனிங்ல சிலிண்டர் சுவர்ல கல்லால தேய்ச்சு குறுக்குக் கோடு போடுவாங்க, அந்தக் கல்லோட தூள் அந்த கோடுக்குள்ள போய் உக்காந்திருக்கும், மண்ணெண்ணெய்க்கு எண்ணெய் போகும், இந்தத் தூள் போகாது. சுடுதண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால தேய்க்கணும், உடனே காய வச்சு, துரு பிடிக்கறதுக்குள்ள எஞ்சின் ஆயில் தடவி வெள்ளைத் துணியால துடைக்கணும், துணியில சாம்பல் கலர் வர்றது நிக்குற வரைக்கும் திரும்பத் திரும்ப. எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் நல்ல பார்ட்ஸா பாத்துப் பாத்து வாங்கி மாட்டினான், கொஞ்ச நாள்லயே புகை, திறந்து பாத்தா ரிங்கும் பேரிங்கும் அரைச்ச மாதிரி கிடக்கு, காரணம் இதான். ஆயில் சேம்பர்ல கேஸ்கெட் பேஸ்ட்டை பிதுங்கப் பிதுங்க போடுறதும் இதே ரகம், உள்ள பிதுங்கினது உதிர்ந்து போய் ஸ்ட்ரெய்னரை (ஆயில் வடிகட்டுற சல்லடையை) அடைச்சா ஆயில் பிரஷர் போச்சு, எஞ்சினும் போச்சு.

பேரிங் இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ்ங்கற நசுங்குற பிளாஸ்டிக் இழை போதும், விலையும் பெருசில்ல, இழையை உள்ள வச்சு பேரிங் மூடியை டார்க் ரெஞ்சால (எவ்வளவு டைட்டுன்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) சரியா டைட் பண்ணி கழட்டி நசுங்கின அகலத்தை பாக்கெட் ஸ்கேல்ல வச்சு பாக்கலாம், நடுவுல கிராங்கை மட்டும் சுத்தக்கூடாது. கை அளவுல டைட் வைக்கிற மேஸ்திரிங்க மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா அவங்க கை அவங்ககிட்டதான் இருக்கு, நமக்கு டார்க் ரெஞ்சுதான்.

கடைசியா, "ஸ்டார்ட் பண்ணி ரொம்ப நேரம் ஐடில்ல விடுங்க, ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா போங்க"ன்னு எழுதிருந்தீங்க. முதல்ல பிளக் நாலையும் கழட்டிட்டு ஆயில் லைட் அணையுற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும், அப்புறம்தான் ஸ்டார்ட். ஐடில்ல ரிங்குக்கு அழுத்தமே கிடைக்காது, சூடானதும் ரோட்ல எடுத்து மிதமா லோடு கொடுத்து, ஆக்சிலரேட்டரை விட்டு, திரும்பக் கொடுத்து ஓட்டினாதான் ரிங் உக்காரும், அதுக்காக ரெட்லைன் வரைக்கும் மிதிக்கச் சொல்லல. முதல் ஆயிலை சீக்கிரமே மாத்திட்டு ஃபில்டரை அறுத்துப் பாருங்க. காந்தத்துல ஒட்டுற மெல்லிசு தூள் கொஞ்சம் இருந்தா பரவால்ல, காந்தத்துல ஒட்டாத மினுமினு செதில் வந்தா வண்டியை எடுக்காதீங்க, சேம்பரை கழட்டி பேரிங்கைப் பாருங்க. அடுத்த வாரம் இதை ஒரு பெட்டிச் செய்தியாவாவது போட்டீங்கன்னா, உங்க கட்டுரையைப் படிச்சுட்டு இப்ப ஹெட்டை கழட்டி வச்சிருக்குற பசங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்,
கோயம்புத்தூர்