கிருமிப் படிப்பு என்று ஒதுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் குடியிருப்புத் தாமானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன், எழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. என்னவென்று கேட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு யூபியு, அதாவது அரசாங்கப் பல்கலைக்கழக இட விண்ணப்பத்தின் முடிவு வந்துவிட்டதாம், மருத்துவம் கிடைக்கவில்லையாம், கடைசி இடத்தில் சும்மா போட்டு வைத்த மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்) கிடைத்திருக்கிறதாம். அம்மா அழுதுகொண்டிருந்தார். அப்பா லோரி ஓட்டுகிறவர், வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்ப முடியுமா என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டி மட்டும் என் பக்கம் திரும்பி, "கிருமிப் படிப்பாமே, அதைப் படிச்சு என்னம்மா செய்யுறது?" என்று கேட்டார். அங்கே உட்கார்ந்து சொல்ல முடிந்தது கொஞ்சம்தான், மீதியை இங்கே எழுதுகிறேன்.

நானும் அதே படிப்புதான் படித்தேன். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயன் வீட்டில் பிறந்தவள், அம்மா ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்த நேரத்தில், வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் ஒருவரே "இதுக்கெல்லாம் வேலை கிடைக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. இப்போது உணவுத் தொழிற்சாலை ஒன்றின் லாபில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன்.

முதலில் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். மழைக்காலத்தில் மரத்து மங்கில் (கிண்ணத்தில்) இறங்கிய ரப்பர் பால் ஸ்டோருக்குப் போவதற்குள் திரிந்துவிடும் என்று அம்மா வாளியில் கொஞ்சம் அமோனியா ஊற்றுவார். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எனக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது. ரப்பர் பாலில் இருக்கிற சர்க்கரையைப் பாக்டீரியா தின்று அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம்தான் பாலைக் கட்டியாக்குகிறது, அமோனியா அந்தப் பாக்டீரியாவைத் தடுத்து அமிலத்தையும் முறிக்கிறது. வீட்டில் தயிர் உறைவதும் ஏறக்குறைய இதே கதைதான். இட்லி மாவைப் பொங்க வைக்கிற லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவின் பெயரை விரிவுரையில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் அதுவரை அறிவியல் என்றாலே நம் சமையலறைக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லாத ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

செம்பனைக்கும் இதே நிலைதான். மரத்தின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்த்துவிடுகிற கானோடெர்மா ஒரு பூஞ்சை, அதை எதிர்க்க டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குக் கழிவுநீர்க் குளத்தின் நாற்றம் மறக்காது. அந்த நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்கக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று காட்டுகிற பிஓடி என்று ஓர் அளவு உண்டு. ஆலையிலிருந்து வரும்போது அது லிட்டருக்கு சுமார் 25,000 மில்லிகிராம், ஆற்றில் விடுவதற்கு முன் 100க்குக் குறைய வேண்டும் என்பது விதி. அந்த வேலையின் பெரும்பகுதியைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன, அப்போது வெளிவருகிற மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்கிற ஆலைகளும் இருக்கின்றன. அந்தக் குளத்தை நடத்தத் தெரிந்த ஆள் நம் தோட்டத்துப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

நம் தாத்தா பாட்டிகள் இந்த மண்ணுக்கு வந்தபோது அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியா. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்தார். ஆனால் மேட்டுத் தோட்டங்களில் காட்டை வெட்டி வெயில் பட வைத்தபோது காய்ச்சல் குறையாமல் கூடியது, காரணம் அங்கே இருந்தது வெயில் படுகிற தெளிந்த ஓடையில் முட்டையிடுகிற வேறு வகைக் கொசு. எந்த இடத்தில் எந்தக் கொசு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது. 1900இல் தொடங்கிய கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதே மாதிரி நோய்களோடுதான் மல்லுக்கட்டியது. 1948இல் குளோரம்பெனிக்கால் மருந்தை உண்ணிக் காய்ச்சலுக்குச் சோதித்தபோது டைபாய்டுக்கும் அது கேட்கிறது என்று கண்டறிந்தது கோலாலம்பூரில்தான்!

அப்புறம் நிப்பா வைரஸ். 1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, பெரியவர்கள் பயத்தோடு பேசிக்கொண்டது மங்கலாக ஞாபகம். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழக லாபில் டாக்டர் சுவா காவ் பிங், நெகிரி செம்பிலான் சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோய் ஓய்வதற்குள், நோய் கண்ட 265 பேரில் 105 பேர் போய்விட்டார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. இது கொசு வேலையில்லை, பன்றியிடமிருந்து தொற்றுவது என்று தெரிந்த பிறகுதான் சரியான நடவடிக்கை எடுக்க முடிந்தது. கிருமிப் படிப்பைப் படித்து என்ன செய்வது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

படிப்பு சுலபம் என்று சொல்லமாட்டேன். வேதியியலில் பலவீனமாக இருந்தால் உயிர்வேதியியல் கழுத்தைப் பிடிக்கும், மரபியல், புள்ளியியல் எல்லாம் உண்டு, பாடப் புத்தகம் முழுக்க ஆங்கிலம். லாப் வேலைக்குப் பொறுமை வேண்டும். கிருமி வளர்க்கிற கரைசலை ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவிக் குக்கரில் 121 டிகிரியில் 15 நிமிடம் வேகவைத்து, நெருப்புக்குப் பக்கத்தில் கைநடுங்காமல் அகார் தட்டில் (கிருமி வளர்க்கிற கூழ் ஊற்றிய தட்டில்) கோடு இழுத்து, மறுநாள் வந்து பார்த்தால் நமக்கு வேண்டாத பூஞ்சை அதில் குடியேறியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. பாக்டீரியாவை வகை பிரிக்கிற கிராம் சாயம் போட்டுப் போட்டு விரலெல்லாம் ஊதாவாக இருக்கும். கடைசி ஆண்டு ஆய்வுக்காக ஹரி ராயா விடுமுறையில்கூட லாபில் கிடந்தேன், பாக்டீரியாவுக்கு விடுமுறை கிடையாது. ஆனால் லென்ஸுக்குக் கீழே முதல் முறையாக ஒன்று நகர்வதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று. மைக்ரோபயாலஜி வேறு, ஆஸ்பத்திரி லாபில் ரத்தம் சோதிக்கிறவர்கள் படிக்கிற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் வேறு. அந்த வேலைதான் வேண்டும் என்றால் சுகாதாரத் தொழிலர்களுக்கான 774ஆம் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய எந்தப் பட்டம் செல்லும் என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள், சேர்ந்த பிறகு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். மைக்ரோபயாலஜி படித்தவர்கள் உணவு, மருந்து, குடிநீர், கழிவுநீர், விவசாயம் என்று போகலாம், அரசாங்கத்தில் அறிவியல் அதிகாரியாகவும் சேரலாம், மேலே படித்து ஆராய்ச்சிக்கும் போகலாம். முதல் சம்பளம் டாக்டர் சம்பளமாக இருக்காது, என்னுடையதும் குறைவுதான், பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடனைக் கட்டி முடிக்க வருடங்கள் ஆயின. ஆனால் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, யூபியு விண்ணப்ப நேரத்தில் உங்கள் மாணவர் பக்கத்தில் மருத்துவம், பொறியியல், சட்டம் தவிர மற்ற அறிவியல் படிப்புகளைப் பற்றியும் அதைப் படித்தவர்களைக் கொண்டே எழுத வையுங்கள், அம்மா அப்பாவும் படிக்கிற மாதிரி தமிழில். மைக்ரோபயாலஜிக்கு ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன். அந்தப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு என் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், என் பழைய லாப் நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.