அபராதம் ஒப்பந்தக்காரருக்கு மட்டும்தானா?

வளரும் நாடுகளின் நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சாலைப் பராமரிப்பைச் செயல்திறன் ஒப்பந்தத்துக்கு (செய்த வேலையின் அளவுக்கு அல்ல, சாலை இருக்கும் நிலைக்குப் பணம் தருவது) மாற்றப் போகிறோம் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம், ஒப்பந்தக்காரர் என்னென்ன செய்தாக வேண்டும் என்ற பட்டியல்தான் முதலில் வருகிறது. துறை என்ன செய்யும் என்பது எங்கோ பின்னிணைப்பில் இரண்டு வரியாகக் கிடக்கிறது. அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

யோசனை நல்லதுதான், அதில் சண்டை இல்லை. எத்தனை டன் தார்க்கலவை கொட்டினார், எத்தனை குழி அடைத்தார் என்று அளவுப் புத்தகத்தைப் பார்த்துக் காசு கொடுக்கும்வரை குழி அவருக்கு வருமானம். அடைத்தது மழையில் பெயர்ந்தால் இன்னொரு பில். மாறாக, சாலை இந்த நிலையில் இருந்தால் மாதம் இவ்வளவு, குழி இத்தனை நாளுக்கு மேல் கிடந்தால் பிடித்தம் என்று வைத்துப் பாருங்கள், யாரும் சொல்லாமலே மழைக்கு முன்பு வடிகாலைத் தூர்வாருவார், தண்ணீர் தேங்கினால் நட்டம் அவருக்கு அல்லவா. அர்ஜென்டினா 1990-களில் சீரமைப்பையும் பராமரிப்பையும் ஒரே ஐந்தாண்டு ஒப்பந்தமாகச் சேர்த்துக் கொடுத்தது. சாட் நாடு 2001-ல் மண் சாலைகளுக்கே இதைக் கொண்டுவந்தது. எந்நேரமும் வண்டி போக முடிகிறதா, சராசரியாக என்ன வேகத்தில் போகிறது என்றெல்லாம் பார்த்தார்கள். (வண்டியில் போகிறவர் கேட்பதும் அதைத்தானே.)

சரி, இப்போது உங்கள் பக்கம். உள்ளே அடித்தளமே உளுத்துப்போன சாலையைக் கையில் கொடுத்து, முதலில் சீரமைக்கப் பணமும் ஒதுக்காமல், குழியே இருக்கக் கூடாது என்றால் விவரம் தெரிந்தவர் டெண்டருக்கே வரமாட்டார், வருகிறவர் அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் விலை போடுவார். அதிகபாரம் இன்னும் மோசம். லாரியின் சக்கர அச்சில் ஏறும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்கு என்பது 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் நடந்த சோதனையிலிருந்தே பொறியாளர்களுக்குத் தெரிந்த கணக்கு. லாரியை நிறுத்தி எடைபோடும் அதிகாரம் ஒப்பந்தக்காரருக்குக் கிடையாது, உங்களிடம் இருக்கிறது. எடைமேடையைப் பூட்டி வைத்துவிட்டு, சாலை நொறுங்கியதற்கு அவரிடம் பிடித்தம் செய்வது என்ன கணக்கு?

அப்புறம் பணம். இந்த ஒப்பந்தத்துக்கு உயிரே மாதாந்தரத் தொகைதான். குழி சில நாள் தாமதமானால் பிடித்தம், பில் பல மாதம் தாமதமானால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அவரும் மெதுவாகப் பழைய ஒட்டு வேலைக்கே திரும்பிவிடுவார். நிதித்துறை பராமரிப்புப் பணத்தைத்தான் முதலில் வெட்டுகிறது என்பீர்கள், உண்மைதான். அவர்களுக்கு உலக வங்கியின் 1988 அறிக்கையைக் காட்டுங்கள்: 85 வளரும் நாடுகளில் சுமார் 1200 கோடி டாலரைக் காலத்தோடு செலவழித்திருந்தால், 4500 கோடி டாலர் மதிப்புள்ள சாலைகள் பாழாகாமல் தப்பியிருக்கும் என்று அது கணக்குப் போட்டது.

சாலையை அளப்பவர் துறையையும் ஒப்பந்தக்காரரையும் சாராதவராக இருப்பது நல்லது. அளந்த எண்களைச் சாலையோரப் பலகையில் எழுதி வையுங்கள், அந்த வழியே தினமும் போகிறவர்கள் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த டெண்டர் ஆவணத்தில் பிடித்தங்களின் அட்டவணைக்குப் பக்கத்திலேயே உங்களுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள்: பணம் எத்தனை நாளுக்குள் வரும், தவறினால் எவ்வளவு வட்டி, எடைமேடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும்.

இப்படிக்கு,
சாலையில் போய்வருகிற ஒருவர்