கறிவேப்பிலையில் முட்டையிட்டது யார்?

தடிக்காரன்கோணம்
ஐப்பசி, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மக்கா,

நீ சொன்னதுதான் சரி. நான் படமெடுத்து அனுப்பிய பட்டாம்பூச்சி காமன் ரோஸ் இல்லை. நீ கேட்டபடி மறுநாள் பக்கவாட்டில் இருந்து படம் எடுத்தேன். உடம்பு கன்னங்கரேலென்று இருக்கிறது. ரோஸ் என்றால் உடம்பு சிவந்திருக்கணும் என்று நீ எழுதாவிட்டால், பின்சிறகின் வெள்ளைத் திட்டை மட்டும் நம்பி நோட்டில் தப்பாகவே எழுதி வைத்திருப்பேன். பத்து மணிவாக்கில் அது கிணற்றடிக் கறிவேப்பிலைக்கு வந்து தளிரில் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போனது. அதோடு சந்தேகம் தீர்ந்தது: அது காமன் மார்மன் என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண். நஞ்சுள்ள ரோஸின் வேஷம் போட்டுப் பறவைகளிடம் தப்பிப் பிழைக்கிறது! நஞ்சுள்ள இன்னொரு பட்டாம்பூச்சியான கிரிம்சன் ரோஸ் வேஷத்திலும் மார்மன் பெண் உண்டு, ஆணைப் போலவே இருக்கும் பெண்ணும் உண்டு என்று எழுதியிருந்தாயே, அன்று ராத்திரி பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ரோஸ் என்று எழுதிய ஏழில் மூன்று மார்மன்.

வேஷக்காரி இருந்தால் அசலும் பக்கத்தில் இருக்கணுமே என்று விளை முழுக்கத் தேடினேன். மேற்கு வேலியில் ஒரு கொடியைச் சுற்றி இரண்டு ரோஸ் மெதுவாகப் பறந்துகொண்டிருந்தன. கொடி என்னவென்று தெரியவில்லை. நம் கூட்டாளிகளுக்கு ஒற்றை இலையைப் படமெடுத்து அனுப்பினேன். ஒருத்தர் சீந்தில் என்றார், இன்னொருத்தர் கோவை என்றார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூவும் காயும் தண்டும் காட்டாமல் கேட்டது என் பிழை. கடைசியில் இலையைத் தக்கலைப் பக்கம் உள்ள வர்ம ஆசானிடம் கொண்டு போனேன். கசக்கி மோந்து பார்த்தார். "இது கருடக்கொடில்லா, ஈசுரமூலின்னும் சொல்லுவாவ. காய்ஞ்ச காய் உறி மாதிரி தொங்குதான்னு பாரும்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். காம்புப் பக்கமாக வெடித்து, குட்டி உறியேதான்.

இலைக்கு அடியில் ரோஸின் புழுக்கள் பதினொன்று. கரிய உடம்பில் சிவந்த முட்கள், நடுவில் வெள்ளைப் பட்டை. அந்தக் கொடியில் உள்ள, நம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சை அதுகள் தின்று உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கின்றன. அந்தக் கொடி இல்லையென்றால் ரோஸ் இல்லை. தம்பி மேற்கே மதில் கட்ட அளவெடுத்து வைத்திருக்கிறான். வேலியை விட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. நீயும் அவனிடம் ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னால் கேட்பான்.

மார்கழியில் கட்டாயம் வா. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நம் தேரூர் குளத்தில் ஆலாப் பறவைகள் வந்திறங்கியிருக்கும். குளிர்காலத்தில் மீசை ஆலாவுக்குக் கரிய வயிறு இருக்காது. வெள்ளைச் சிறகு ஆலாவையும் அதையும் என்னால் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உன் தொலைநோக்கியை மறக்காதே.

உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி